பெரட்டில் சொன்ன பதில்

பெரட்டு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரே தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த ஒற்றை அறைக் காம்பராக்களில் பிறந்து, ஒரே பீலித் தண்ணீரில் குளித்து, ஒரே அட்டைகளுக்கு இரத்தம் கொடுத்து வளர்ந்தவர்கள் நாம். இப்போது ஒருத்தி கட்டாரில் இருக்கிறாள், ஒருத்தன் பெல்மதுளையில் போன் கடை வைத்திருக்கிறான், மூன்று பேர் கொழும்பில். எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது. சிலர் சாயம் அடிக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். நமக்குள் விளக்கம் வேண்டாம். நம் பிள்ளைகளுக்குத்தான் வேண்டியிருக்கிறது, அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

என் மகள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் அணிநடைக்குப் போனாள். வெள்ளைச் சப்பாத்து, இடுப்பில் சிவப்புப் பட்டி, முன்னால் பேண்ட் வாத்தியம். இன்றைக்கு பரேட் என்று அவள் பெருமையடித்தபோது, உன் தாத்தா தினம் தினம் பரேட்டில் நின்றவர் என்று நானும் வாயைக் கொடுத்துவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சாரமும் பழைய கோட்டுமாக ஒருவர் பேண்ட் வாத்தியத்துக்குக் கால் மாற்றி நடப்பதை நினைத்திருப்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது. இருபது வருடமாக ஆங்கிலம் படிப்பித்துச் சாப்பிடுகிறவள் நான். அந்தச் சொல்லை ஒருநாளும் அகராதியில் தேடிப் பார்த்ததில்லை.

அன்று பார்த்தேன். லத்தீனில் அதன் வேருக்கு ஆயத்தம் செய்வது என்று பொருளாம். ஸ்பெயினுக்குப் போனபோது நிறுத்துவது என்று ஆகியிருக்கிறது. ஓடுகிற குதிரையைக் கடிவாளத்தை இழுத்து ஓரிடத்தில் நிறுத்துகிறார்களே, அது. அப்படி நிறுத்தியதை நாலு பேர் பார்க்கக் காட்டுவது என்று பிரான்சில் மாறி, ஆங்கிலத்துக்கு வந்தபோது குதிரை போய்ப் பட்டாளத்து ஆள் வந்துவிட்டான். பிறகு நல்ல உடுப்புப் போட்டவர்கள் உலாவுகிற தெருவுக்கும் அதையே பெயராக வைத்தார்கள். பழுது பார்க்கிற ரிப்பேரும், மேலேயிருந்து குதிக்கிறவனின் பராசூட்டும் அதே வேரில் முளைத்தவையாம். ஒரு வயிற்றுப் பிள்ளைகளின் குணம் ஒன்றுபோல இருப்பதில்லை, சொற்களும் அப்படித்தான் போல.

நம் மலைக்கு அது எப்படி வந்தது என்று அகராதியில் இல்லை. பட்டாளத்தை விட்டு வந்த வெள்ளைக்காரத் தொரை எவனாவது, விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி எண்ணும்போது பழக்கதோஷத்தில் சொல்லியிருப்பான் என்பது என் ஊகம். நம் ஆட்கள் அதை வாங்கிப் பெரட்டு ஆக்கிக்கொண்டார்கள். நமக்குத் தமிழ் படிப்பித்த வாத்தியார் அது ‘திரட்டு’ என்பதன் திரிபு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? பாவம், அவருக்கு எல்லாமே தமிழிலிருந்துதான் புறப்பட வேண்டும்.

நம்மிடம் வந்த பிறகு அந்தச் சொல் தன் இஷ்டத்துக்கு வளர்ந்தது. ஆட்கள் கூடுவதும் பெரட்டு, கூடுகிற இடமும் பெரட்டு, கூடுகிற நேரமும் பெரட்டு. “இவ பெரட்டுக்கு முந்திப் பொறந்தவ” என்றுதான் அம்மா என் பிறந்த நேரத்தைச் சொல்லுவார். அதை வைத்துக்கொண்டே ஒரு சோதிடர் எனக்குச் சாதகமும் எழுதிக் கொடுத்தார். புருஷன் பெண்டாட்டி விடியும்போதே சண்டை பிடித்தால், நாலாங் காம்பராவில் இன்றைக்கு இரண்டு பெரட்டு என்று கேலி பேசுவார்கள். என் சாதகத்தில் இதுவரை எதுவும் பலிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நம் பெரட்டுக்களம் றப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கட்டிடத்துக்குப் பின்னால் இருந்தது. பலாமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு கட்டித் தொங்கும். காவல்காரர் அதை இரும்புக் கம்பியால் அடிக்கும்போது, தோட்டத்து எல்லையில் ஓடுகிற பால் ஆத்துக்கு அந்தப் பக்கத்துச் சிங்கள ஊரிலும் நாய்கள் குரைக்கும். பிற்பாடு யாரோ அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி. அந்த இடத்தின் நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது: புளித்த றப்பர் பால், அசிட், ஈரப் புகை, அட்டைக்குப் பூசிய சவர்க்காரம், எல்லாவற்றுக்கும் மேலே யாரோ போத்தலில் கொண்டு வந்த, பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி. ஆண்கள் றப்பர் மரத்தில் பால் வெட்டுக்கு ஒரு வரிசை. கீழ்மலையில் தேயிலை இருந்ததால் பெண்கள் கொழுந்துக்கு ஒரு வரிசை, இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். படியின்மேல் கணக்கப்பிள்ளை நின்று, கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு, புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். அவருக்கு அதில் ஒரு ராகம் உண்டு. முதல் எழுத்தை இழுத்து, கடைசி எழுத்தைக் கடித்துவிடுவார்.

மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் பெயருக்கு நேரே கோடு. அப்புறம் ஓடிவந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைய வேலை போனது போனதுதான். அதனால் நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வரிசையில் இல்லாத ஆளுக்கு அந்த வரிசைக்குப் பொறுப்பான கங்காணி பதில் சொல்லுவார். பெண்ணாயிருந்தால், “பிள்ளைய விட்டுட்டு வருதுங்க.” ஆணாயிருந்தால், “மலைக்குப் போயிட்டாருங்க.” மழைக்கு முந்திப் பால் வெட்டச் சிலர் இருட்டோடு றப்பர் மலைக்குப் போவதும் உண்மைதான். ஆகவே அந்தப் பதிலில் யாரும் குற்றம் பிடிக்க முடியாது. பாதி நாள் அது பொய் என்று கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். அவரும் கோடு போடாமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். நாமும் பள்ளிக்கூடத்தில் வராத பிள்ளைக்கு ‘பிரசன்ட் சேர்’ சொன்னவர்கள்தானே. அதைப் பொய் என்று நம்மில் ஒருவரும் நினைத்ததில்லை. சொல்லாமல் விட்டால்தான் நெஞ்சில் ஈரமில்லாதவன் என்பார்கள்.

என் அப்பா பால் வெட்டு ஆட்களுக்குக் கங்காணி. அவருடைய வரிசையில் என் மாமாவும் ஒருவர். அம்மாவின் ஒரே தம்பி. பெற்றவர்கள் போன பிறகு அம்மாதான் வளர்த்தார். எங்களோடு அதே காம்பராவில் இருந்தார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், எனக்குப் பன்னிரண்டு. மாமா சிங்களம் பேசினால் கொடகவெலக் கடைக்காரர்களே பரம்பரைச் சிங்களவன் என்று நினைப்பார்கள். பஸ்ஸில் அவர் என்னை விட்டுத் தள்ளி நின்று சிங்களத்தில் பகிடி பேசுவார், நான் சிரிப்பை அடக்க முடியாமல் அவரைக் காட்டிக்கொடுப்பேன்.

மாமாவுக்குப் பால் வெட்டில் மனசில்லை. பால் ஆத்தின் ஓரத்தில், தோட்டத்து எல்லைக்குள், அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஒரு மாணிக்கக் குழி வெட்டியிருந்தார்கள். அக்கரைச் சிங்கள ஊர்க்காரர் ஒருவருடையது அது. நாம் அவரைக் குழிக்காரர் என்போம். மாமா அவரை லொக்கு அய்யா, அதாவது பெரிய அண்ணன் என்று கூப்பிடுவார். கிழமைக்கு இரண்டு நாள் மாமா பெரட்டுக்கு வராமல் அந்தக் குழிக்குள் இறங்கிவிடுவார். அவருடைய மரங்களைக் கூட்டாளிகள் பங்கு போட்டு வெட்டிவிடுவார்கள். ஒரு நல்ல கல் கிடைத்தால் போதும், லயத்தை விட்டு வெளியே, யாரும் பெயர் கூப்பிடாத இடத்தில் ஒரு வீடு கட்டலாம் என்பது மாமாவின் கணக்கு. உண்மையைச் சொன்னால் அது அம்மாவின் கணக்கு. மாமா அதற்காகச் சேற்றில் நின்றார்.

அப்பாவுக்கு இது பிடிக்காது. அம்மா விடமாட்டார். மாமா குழிக்குப் போகிற நாட்களில், அப்பா கோட்டை மாட்டும்போது அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், ஒரே வார்த்தைதான் சொல்லுவார்.

“தம்பி பேரையும் பாத்துக்கங்க.”

“என்னைக்காவது ஒரு நாளைக்கு மாட்டப் போறோம்” என்பார் அப்பா. போய்ச் சொல்லிவிடுவார்.

கொழும்பில் எங்கோ குண்டு வெடித்திருந்த ஒரு கிழமை. அந்தக் கிழமைகளில் நம் ஆட்கள் பஸ்ஸில் தமிழ் பேசமாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். மாமா குழிக்குப் போயிருந்த ஒருநாள் தண்டவாளம் வழக்கத்தைவிட முந்தியே அடித்தது. களத்தைச் சுற்றி இரண்டு ஜீப், ஒரு லொறி. சீருடைக்காரர்கள் பலாமரத்தடியில் நின்றார்கள். அவர்களுக்குப் பெரியவர் படியின்மேல் ஒரு நாற்காலியில் இருந்தார். கத்தவில்லை, மரியாதையாகவே பேசினார். எல்லாரும் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். புத்தகத்தைப் பார்த்து வழக்கம்போலக் கூப்பிடும்படி கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். கூப்பிட்ட ஆள் முன்னால் வந்து அட்டையைக் காட்ட வேண்டும்.

என் சின்னத் தம்பியை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு நான் அம்மாவின் படங்கைப் பிடித்தபடி பெண்கள் வரிசையில் நின்றேன். குண்டு வைத்தவர்களைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். யாரும் எதையும் தப்பாக விளங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அதே களம், அதே புத்தகம், அதே ராகம். கணக்கப்பிள்ளை மாமாவின் பெயரின் முதல் எழுத்தை இழுத்தார், கடைசி எழுத்தைக் கடித்தார்.

“மலைக்குப் போயிட்டாருங்க” என்றார் அப்பா.

சொன்ன உடனேயே அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். பின்னாட்களில் யார் கேட்டாலும் அவர் ஒன்றுதான் சொல்லுவார்: “நான் சொல்லல. வாய் சொல்லிருச்சு.” நாம் அதை நம்பலாம். பதினைந்து வருடம் ஒரே நேரத்தில் ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொன்ன வாய் அது. மிச்சமிருந்த கங்காணிகள் உஷாராகிவிட்டார்கள். அவர்களுடைய ஆட்களில் ஒருவரும் குறையவில்லை, அதனால் அவர்களுக்கு உஷாராக இருப்பது சுலபம்.

அப்பா என்ன சொன்னார் என்று பெரியவர் கேட்டார். கணக்கப்பிள்ளை சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். மலைக்குப் போனவரைக் கூட்டி வரலாமே என்றார் பெரியவர். இரண்டு பேர் அப்பாவோடு மலைக்குப் போனார்கள். இரண்டு பேர் அம்மாவை முன்னால் விட்டு லயத்துக்கு வந்தார்கள், காம்பராவைப் பார்க்க. நானும் அம்மாவை விடவில்லை.

எங்கள் காம்பராவில் பார்ப்பதற்கு என்ன இருந்தது? ஒரு கட்டில், இரண்டு பாய், சாமிப்படம், அடுப்பு, கயிற்றில் துணி. வந்தவர்களில் இளையவன் கதவுக்குப் பின்னால் பார்த்தான். அங்கே ஆணியில் மாமாவின் பால்கத்தி தொங்கியது. நுனி வளைந்த அந்தச் சின்னக் கத்தி இல்லாமல் ஒருவன் றப்பர் மரத்துக்குக் கிட்டப் போயும் பிரயோசனமில்லை. அவனும் றப்பர் ஊர்க்காரனாக இருந்திருக்க வேண்டும். கத்தியை எடுத்துப் பெருவிரலால் தடவிப் பார்த்தான். இவன் மரத்தைப் பல்லாலா வெட்டுகிறான் என்று சிங்களத்தில் கேட்டான், சிரிக்காமல். அம்மா சாமிப்படத்தைப் பார்த்தார். நான் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அப்பா அப்போதுதான் உண்மையைச் சொன்னார். குழி, அனுமதி இல்லாதது, கிழமைக்கு இரண்டு நாள், எல்லாவற்றையும் சொன்னார். பெரியவர் கவனமாகக் கேட்டார். இதை முதலில் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன் என்றார். அதில் அநியாயம் இருந்ததாக இன்றைக்கும் எனக்குச் சொல்ல வரவில்லை. ஒரு பொய்யைச் சொல்லிக் கையும் களவுமாக அகப்பட்டவன் அடுத்துச் சொல்வதை நானும் என் வகுப்பில் நம்புவதில்லை.

இதற்குள் சேதி ஆற்றோரத்துக்குப் போய்விட்டது. மாமா ஓடியிருக்கலாம். குழிக்காரர் தன் வீட்டுப் பரணில் ஒளிந்துகொள்ளச் சொன்னாராம். மாமா கேட்கவில்லை. அக்காவையும் மச்சானையும் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தானாகவே மேலே ஏறி வந்தார். முழங்காலுக்கு மேலே வெள்ளைக் களிமண், தலைமயிரில் களிமண். பெரியவருக்கு முன்னால் நின்று நல்ல சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். அதுதான் இரண்டாவது வினை. தோட்டத்தில் பிறந்தவனுக்கு இவ்வளவு சுத்தமான சிங்களம் எங்கே, யார், எதற்காகப் படிப்பித்தார்கள் என்று அவர் கேட்டார். அடையாள அட்டையை எடுத்து வரவும் இல்லை. அது அம்மாவின் தகரப் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் இருந்தது. அம்மா கொண்டு வந்து கொடுக்கும்போது மாமா லொறிக்குள் இருந்தார்.

லொறி கிளம்பும்போது மாமா அப்பாவைப் பார்த்து, “பரவாயில்ல மச்சான்” என்றார்.

அதற்குப் பிறகு பதினொரு மாதம். முதலில் பொலிஸ் நிலையம், பிறகு அதைவிடத் தூரமான ஓர் இடம். வீட்டில் ஆங்கிலம் கொஞ்சம் எழுத்துக்கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மூன்றாம் மாதம் வந்த ஒரு கடிதத்தில் அந்தச் சொல்லை முதன்முதலாக ஆங்கிலத்தில் பார்த்தேன். ஐடென்டிபிகேஷன் பரேட், அடையாள அணிவகுப்பு. கடைசிச் சொல்லை நான் சத்தமாக வாசித்தபோது அப்பா நிமிர்ந்து, “அங்கயும் பெரட்டா?” என்று கேட்டார். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சாட்சிக்காரன் வரிசையை இரண்டு தடவை பார்த்துவிட்டு யாரையும் காட்டாமல் போய்விட்டானாம். அம்மாவுக்குக் கேட்கும்படியாக, என்னைப் பார்த்துச் சொன்னார்: “மூணாவதா நின்னான். யாரும் பேரக் கூப்பிடல.” யாரும் காட்டாததால் விட்டுவிடுவார்கள் என்று எல்லாரும் நினைத்தோம். விடவில்லை.

என்னைப் பார்த்துச் சொன்னதற்குக் காரணம், அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். லொறி போன அன்றிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. சோற்றைப் போடுவார், கோட்டைக் காயப்போடுவார், எல்லாம் நடக்கும். “உங்கப்பாவ சாப்பிடச் சொல்லு.” “உங்கப்பாகிட்ட அரிசி இல்லன்னு சொல்லு.” பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரியாக நான். தம்பியைத் தின்ற வாய் என்று அப்பாவை அம்மா வெறுக்கிறார் என லயம் முழுக்கப் பேசியது. உங்கள் வீட்டிலும் பேசியிருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அப்பாவுக்கு அது வேண்டியதுதான் என்றும் நினைத்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அப்பாவும் மாறிப்போனார். பெரட்டில் அதற்குப் பிறகு அவர் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. மூன்று தடவை கூப்பிடும் வரை மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பார், கோடு விழும். ராத்திரி முழுக்கப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருவன் ஓடி வந்து கெஞ்சினான், அவனுக்கும் கோடுதான். கங்காணிக்குத் தலைக்கேறிவிட்டது என்றார்கள். மண்ணைத் தூற்றியவர்களும் உண்டு. இன்னொன்றையும் சொல்லிச் சிரித்தார்கள். மாமாவின் பால்கத்தியைச் சோதனைக்காரர்கள் எடுத்துப்போய்த் திருப்பித் தந்திருந்தார்கள். அப்பா அதை ஆணியில் மாட்டவில்லை. தினமும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போவார். பின்னேரம் திரும்பி வந்து, வாசலில் குந்திச் சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டுவார். வெட்டாத கத்தியை எதற்கு ஐயா தீட்ட வேண்டும்? கங்காணி வேலை போகப் போகிறது, வெட்டு வேலைக்கு இப்போதே பழகுகிறார் என்று நம் ஆட்கள் பகிடி பண்ணினார்கள். அந்த உர்ர் உர்ர் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பழி சொல்வதற்கு நம் ஆட்களுக்கு இன்னொருவரும் கிடைத்தார். காட்டிக்கொடுத்ததே குழிக்காரர்தான் என்றார்கள். சிங்களவன்தானே, தன் குழியைக் காப்பாற்ற மாமாவைத் தள்ளிவிட்டான் என்று நியாயமும் சொன்னார்கள். அவர் ஒருநாள் பலாப்பழத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தபோது, அப்பா வீட்டில் இல்லை என்று நானே பொய் சொல்லி அனுப்பினேன். பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் அதைத் தொடவில்லை, பன்றி தின்றது. அந்த மனுஷன் இரண்டு தடவை பொலிசுக்குப் போய், இவன் என் குழியில் வேலை செய்தவன், அன்றைக்கும் குழிக்குள்தான் இருந்தான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அனுமதி இல்லாத குழி என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். குழியை மூடிவிட்டார்கள். அவரும் கூலிக்குப் போகத் தொடங்கினார். நமக்கு இதெல்லாம் தெரிய வந்தது மாமா திரும்பிய பிறகு.

அம்மாவைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் அதிக காலம் பிடித்தது. எனக்கே கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு, ஒருநாள் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டே அம்மா சொன்னார்:

“கோவம்னு ஊரே சொல்லிச்சு. எனக்கு அவரு மூஞ்சியப் பாக்க வெக்கமா இருந்திச்சு. தம்பி பேரையும் பாத்துக்கங்கன்னு அன்னைக்குக் காலையில சொன்னவ நான்தானே.”

அதை அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். எப்படிச் சொல்வது என்று கேட்டார்.

மாமா ஐப்பசி மழையில் வந்தார். எந்த விளக்கமும் இல்லை, போகலாம் என்றார்களாம். மெலிந்து, தலையை ஒட்ட வெட்டி, யாரோ கொடுத்த பெரிய சட்டைக்குள் நின்றார். அம்மா அழவில்லை. துவாயை எடுத்துக் கொடுத்தார், ரொட்டி சுட்டார், தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பலும் இடித்தார். அப்பா வாசற்படியில் மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மாமா சாப்பிட்டு முடித்துவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் தட்டைக் கழுவினேன்.

மறுநாள் தண்டவாளம் அடிக்கும் முன்பே மாமா எழுந்துவிட்டார். மழை விட்டிருந்தது, வெட்டு உண்டு. களத்தில் அப்பாவின் வரிசையில் பழைய இடத்திலேயே போய் நின்றார். கூட்டாளிகள் தோளைத் தட்டினார்கள். புத்தகத்தில் மாமாவின் பெயரைக் கணக்கப்பிள்ளை வெட்டாமலே வைத்திருந்திருக்கிறார். மாதாமாதம் புதுப் பக்கத்தில் எழுதி, கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவும் இல்லை.

பெயரைக் கூப்பிட்டார். அதே இழுவை, அதே கடி.

மாமா பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்ததை நான் பார்த்தேன், சத்தம் வரவில்லை. அடைத்து வைத்திருந்த இடத்தில் பெயர் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று அவர் எங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. பார்வை கணக்கப்பிள்ளையின் காலடியில். கடிவாளம் பிடித்து நிறுத்திய மாதிரி நின்றார்.

இரண்டாவது தடவை கூப்பிட்டார். ஆள் முன்னாலேயே நிற்கிறார், எல்லாருக்கும் தெரிகிறது. ஆனாலும் பதில் வராமல் கணக்கப்பிள்ளையால் பேனாவை அசைக்க முடியவில்லை. அவர் அப்பாவைப் பார்த்தார். களம் முழுக்க அப்பாவைப் பார்த்தது. பதினொரு மாதமாக ஒருவருக்கும் பதில் சொல்லாத வாய். அவரும் மண்ணைப் பார்த்தார்.

மூன்றாவது தடவை கூப்பிடக் கணக்கப்பிள்ளை மூச்சை இழுத்தார். என் கையிலிருந்த படங்கு நழுவியது. அம்மா பெண்கள் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டார். ஆணுக்குப் பெண் பதில் சொல்கிற வழக்கம் நம் பெரட்டில் கிடையாது.

“இருக்கான்” என்றார் அம்மா. “எழுதுங்க.”

கணக்கப்பிள்ளை எழுதினார். அம்மா திரும்பி, பதினொரு மாதத்துக்குப் பிறகு அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தார். என்னிடம் சொல்லி அனுப்பவில்லை.

“என்னங்க, பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. அவன் கத்தியக் குடுங்க.”

அப்பா கோட்டுப் பையிலிருந்து கத்தியை எடுத்தார். துணிச்சுற்றைப் பிரிக்க நேரமாயிற்று. மாமா வாங்கிப் பெருவிரலால் அலகைத் தடவினார். அப்போதுதான் அவருக்குக் குரல் வந்தது.

“தீட்டியே வச்சிருக்கீங்களே மச்சான்.”

அப்பா அழுதார். எல்லாருக்கும் முன்னால், கோட்டுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கணக்கப்பிள்ளை மிச்சப் பெயர்களைக் கூப்பிடாமலே புத்தகத்தை மூடினார். பெரட்டுக் கலைந்தது.